வேனில் ஏறாத பதினான்கு பேர்

2008-ஆம் வருடம் நடந்தது இது. அப்போது சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பதினான்கு பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவர வேண்டும். எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். அந்தப் பெண்களின் முகங்களை நான் கண்ணாடியில் பார்த்ததுதான் அதிகம்.

அந்த வருடம் மேனேஜர் கூப்பிட்டு, இனி ஆள் ஏற்றும் வண்டிக்கான டிரைவர் பேட்ஜ் இல்லாமல் ஓட்டக் கூடாது, தீபாவளிக்குள் எடுக்காவிட்டால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்கிறோம் என்றார். விசாரித்தால், பேட்ஜ் வாங்க எட்டாம் வகுப்பு பாஸ் ஆகியிருக்க வேண்டுமாம். நான் படித்தது ஐந்து வரைதான். வேறு வழியில்லாமல் தனித்தேர்வுக்குப் பணம் கட்டினேன். வீட்டில் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

மற்றப் பாடங்களை எப்படியோ சமாளித்தேன். இங்கிலீஷ்தான் ஏறவில்லை. ஒரு வினைச்சொல்லை இன்றைக்கு ஒரு மாதிரி, நேற்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி எழுதச் சொல்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திணறினேன். புத்தகத்துக்குப் பேப்பர் அட்டை போட்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால் சொருகி வைத்திருப்பேன். பெண்கள் வந்து ஏறும்வரை படிப்பேன்.

ஒருநாள் பிரேக் போட்டதில் அது கீழே விழுந்துவிட்டது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் எடுத்துப் பிரித்தாள். அவள் பத்தாவது வரை படித்தவள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பின்னாலிருந்து முழங்கால் வலிக்காரப் பெரியம்மா ஒருத்தி, "என்ன டிரைவரே, கலெக்டருக்குப் படிக்கீகளா?" என்று கேட்க, வேனே சிரித்தது. அதன் பிறகு இரண்டு நாள் நான் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பத்தாவது படித்த பெண் தானாகவே ஆரம்பித்தாள்.

"அண்ணே, நாங்க இன்னைக்கு பேக் பண்றோம், நேத்து பேக் பண்ணோம், நாளைக்கும் பேக் பண்ணத்தான் போறோம். இம்புட்டுத்தாண்ணே டென்சு. நம்ம பொழப்புதானே, இதுல என்ன கஷ்டம்?"

வீ பேக். வீ பேக்ட். வீ வில் பேக். பெட்டி கட்டும் வேலையை வைத்தே சொல்லிக் கொடுத்தாள். ஒரு சொல்லுக்குப் பிடிபட்டுவிட்டால் அதே தடத்தில் நூறு சொற்கள் போகும் என்பதும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. போகப் போக வேன் முழுக்கக் கேள்வி கேட்க ஆரம்பித்தது. சரியாகச் சொன்னால்தான் இறங்குவோம் என்று கம்பெனி வாசலில் அடம்பிடிப்பார்கள். நானும் கொஞ்சம் வாய் திறந்தேன்.

பரீட்சை விருதுநகரில். அந்த நாட்களுக்கு மட்டும் எனக்குப் பதிலாக வேறு ஒருவர் வேன் ஓட்ட ஏற்பாடு. முதல் நாள் வந்தவர், இங்கிலீஷ் பரீட்சையன்று வரவில்லை. மணி ஏழாகப் போகிறது. என் பஸ் ஏழேகாலுக்கு. அதை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கம்பெனியில் எட்டு மணிக்கு ஆள் எண்ணிக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பிந்திப் போனால் அன்றைக்கு வேலை கிடையாது.

அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்று வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தேன். ஒருவரும் ஏறவில்லை. ஏறுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். அந்தப் பெரியம்மா ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"சாவியப் பிடுங்கிப் பைக்குள்ள போடுங்க. அஞ்சு கிலோமீட்டரு என்ன அமெரிக்காவா? நாங்க நடந்துக்கிடுதோம். நீங்க போயி ஒழுங்கா எழுதிட்டு வாங்க."

சொல்லிவிட்டு முதல் ஆளாக நடக்க ஆரம்பித்தாள். தூக்குச்சட்டியோடு மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். அவர்கள் வளைவில் திரும்பும்வரை பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன்.

வினாத்தாளில், ஏதாவது ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தது. நான் தயாராக வைத்திருந்தது பெட்டி கட்டும் சொல்லைத்தான். ஆனால் பேனாவை எடுத்ததும் கை வேறொன்றை எழுதியது. தே வாக். தே வாக்ட். தே வில் வாக். எழுதும்போது ஹாலில் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை. எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார்கள், இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து நிம்மதியானேன்.

திரும்பும்போது இரண்டு கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் ஊருக்குள் போகாமல், ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனை எடுத்துக்கொண்டு அவர்களைக் கூட்டிவரக் கம்பெனிக்குப் போனேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒங்க வேன் ஆளுக யாரும் உள்ள வரலையே. காலையில பிந்தித்தான் வந்தாக. வேப்பமரத்தடியில பத்து மணி வரைக்கும் ஒக்காந்து கெஞ்சிப் பாத்துட்டுத் திரும்பி நடந்துட்டாக" என்றார்.

பெரியம்மாவால் வேகமாக நடக்க முடியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவளைப் பாதியில் விட்டுவிட்டுப் போக மற்றவர்களுக்கு மனமில்லை. பதினான்கு பேருக்கும் அன்றைய கூலி போயிற்று.

காலி வேனோடு ஊருக்கு வந்தேன். தண்ணீர்க் குழாயடியில் நாலைந்து பேர் இருந்தார்கள். பெரியம்மா திண்டில் உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் காராச்சேவுப் பொட்டலத்தை நீட்டினேன். கேட் பூட்டியதைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பத்தாவது படித்த பெண், "எதண்ணே எழுதுனீக, பேக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை, நீங்கள் நடந்ததைத்தான் எழுதினேன் என்றேன்.

பெரியம்மா ஒரு வாய் காராச்சேவை அள்ளிப் போட்டுக்கொண்டு, "அப்ப எங் காலு வலிக்கும் சேத்து மார்க்கு போடச் சொல்லுங்க" என்றாள்.

பாஸ் ஆனேன். பேட்ஜும் வந்தது. அந்த வேனை அதன் பிறகு ஒன்பது வருடம் ஓட்டினேன். தே வாக்ட், அவர்கள் நடந்து முடித்துவிட்டார்கள் என்று நான் எழுதிய நேரத்தில், ஊருக்குத் திரும்பும் வழியில், வெயிலில் அவர்கள் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். திருத்தியவர் அந்த வரிக்கு மதிப்பெண் போட்டிருப்பார்; எனக்கு மட்டும் அது தப்பான விடையாகவே இன்றும் மனதில் நிற்கிறது.