சரிவில் பழகிய கால்

விழுந்தவளைப் பார்க்க வருகிற கூட்டத்தைப் போல ஒரு கேடுகெட்ட கூட்டம் உலகத்தில் கிடையாது. தேயிலைக் காட்டில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தபோதே எனக்கு வாதம் வந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் என் வீட்டுக்குத் திரும்பினால் வாசல் நிறையப் பெண்கள். ஒருத்தி புறா ரத்தம் தேய்க்கச் சொன்னாள். இன்னொருத்தி, "ஐயோ, எப்பிடி இருந்த மனுசி!" என்று மூக்கைச் சிந்தினாள். அடியே, நான் உயிரோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்! "போயி உன் வீட்டு அடுப்பப் பாரு" என்றேன். வாய் கோணியிருந்ததால் அவளுக்குப் புரியவில்லை. காப்பி குடித்துவிட்டுத்தான் போனாள்.

குடும்பத்தில் ஒருத்தர் எஸ்டேட் வேலையில் இருக்கும் வரைதான் எங்களுக்கு அந்த வீடு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். மருமகள் சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அறை துடைக்கிறாள். எஸ்டேட்டில் பேர் இருந்தது எனக்கு மட்டும். நான் மறுபடி காட்டில் நின்று காட்டாவிட்டால் பேரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மருமகளை எடுப்பார்கள். அவள் இதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். வேலை அவளுடையதானால் வீடும் அவளுடையது. அப்புறம் நான் மூலையில் கிடக்கிற பழைய சாக்கு.

ஆஸ்பத்திரியில் நடை பழக்கியது ஒரு மலையாளப் பெண். நேராக நில் என்றாள். நின்றேன், சாய்ந்தேன். எத்தனை தரம் நின்றாலும் ஒரு முழங்காலை மடக்கித்தான் நின்றேன். பிறந்ததிலிருந்து மலைச்சரிவில் மேட்டுக் காலை மடக்கி, பள்ளத்துக் காலை நீட்டி நின்ற உடம்பு வேறெப்படி நிற்கும்? "அம்மே, இவிடெ மலை இல்லா. ரண்டு காலிலும் பாரம் வைக்கணும்" என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்தாள். எனக்கு அந்தச் சமதரையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. கூட வந்த மருமகளிடம் அவள் ஒன்று சொல்லி அனுப்பினாள்: பக்கத்தில் நில், ஆனால் கை கொடுக்காதே.

வரம் வாங்கியவள் மாதிரி மருமகள் அதைப் பிடித்துக்கொண்டாள். குழாயடிக்குப் போகக் கை நீட்டினால், ஒரு முழம் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொள்வாள்.

"கையக் குடுடி."

"மாட்டேன் அத்தை. நடங்க."

ஒருநாள் வாசல் ஓடையைத் தாண்டும்போது விழுந்தேன். முழங்கை உரிந்து ரத்தம். "எந்திரிங்க" என்றாள், நின்ற இடத்திலிருந்தே. "நாசமாப் போறவளே, உன் கை என்ன அழுகியா போச்சு?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து என் அக்குளில் கை கொடுத்தாள். அவளையும் மருமகள் விரட்டினாள். "விடுங்க மதினி. தூக்கித் தூக்கித்தான் இவங்க இப்பிடியே இருக்காங்க." லயமே அவளைக் காறித் துப்பியது. எனக்கு வயிறு குளிர்ந்தது. அவளை நின்று திட்ட வேண்டும் என்பதற்காகவே எழுந்து பழகினேன்.

ஃபீல்டு ஆபீசர் காட்டுக்கு வந்து வேலை செய்து காட்டச் சொன்ன அன்று, தேயிலைச் செடி நிரையில் இறங்கினேன். இடுப்பைச் செடியில் சாய்த்ததும் மேட்டுக் கால் தானே மடங்கிக்கொண்டது. முன்னாலும் செடி, பின்னாலும் செடி, விழ இடமே இல்லை. இடக்கை மெதுவாகத்தான் வந்தது, ஆனாலும் கொழுந்து வெட்டும் கத்திரி ஓடியது. ஆபீசர் வரப்பில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டிய கொழுந்தை எடை போடத் தார் ரோட்டுக்கு ஏற வேண்டும். ரோட்டில் கால் வைத்ததும் பாழாய்ப்போன முழங்கால் மேட்டைத் தேடி மடங்கியது. ஆடிப்போனேன். ஆபீசர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு என்னையே பார்த்தார். தராசுக்குப் பக்கத்தில், வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மருமகள். கையைக் கட்டிக்கொண்டு. கை கேட்டு நான் பார்த்த பார்வை அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அசையவில்லை. ஊர் முன்னால் நான் விழுவதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள், பாவி. வந்த ஆத்திரத்தில் முழங்காலை நிமிர்த்தி, இரண்டு காலிலும் பாரம் வைத்து, ரோட்டைக் கடந்து தராசைப் பிடித்தேன்.

"சரி, நாளைக்கே வேலைக்கு வாங்க" என்றார் ஆபீசர்.

நேராக அவளிடம் போனேன். "ஏமாந்துட்டியா? என் வேலைய வாங்கிக்கிட்டு வீட்ட அமுக்கலாம்னுதான பாத்த?"

அவள் சிரித்தாள். "உங்க வேலையா? எனக்கா? அட்டைக்கடியும் மழையும் நீங்களே வச்சுக்கோங்க. எங்கம்மா இந்தக் காட்டுலதான் கூனிப்போயிச் செத்தா. கத்திரியத் தொட மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் செத்தா. நீங்க படுத்துட்டா வீட்டுக்காக நான்தான எறங்கணும்? அதான் எந்திரிக்க வச்சேன்."

"அப்போ எம்மேல இருக்கற பாசத்துல இல்ல?"

"உங்க மேலயா!" என்றாள்.

லயத்துக்கு ஏறும் படியில் கால் தடுமாறியது. இத்தனை நாள் நீளாத அவள் கை அப்போது நீண்டது. தட்டிவிட்டேன்.

"தள்ளிப் போடி. நாளைக்கு எனக்கு வேலை இருக்கு."