இந்திய அணிக்கு மனு போட்ட கிரேன் பாக்கியநாதன்

பாக்கியநாதனுக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் கிரேன் ஓட்டும் வேலை. பத்தொன்பது வருடமாக நாற்பதடி உயரக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்தவர். கீழே நகரும் ஹெல்மெட்டுகளை வைத்தே யார் வேலை செய்கிறார், யார் வேலை செய்வதுபோல் நடக்கிறார் என்று சொல்லிவிடுவார்.

இந்தியக் கால்பந்து அணி தோற்ற மறுநாளெல்லாம் பொன்னேரியிலிருந்து போகும் காலை ரயிலில் அவர் காரணம் சொல்வார்.

"பந்து இருக்கிற எடத்துக்கே எல்லாரும் ஓடுறானுங்க. காலி எடத்த எவனும் பாக்குறதில்ல. அது மேலேர்ந்து பாத்தாத்தான் தெரியும். கோச்சு தரையில நின்னுகினு கத்துனா இன்னாத்துக்கு ஆவும்?"

ஒருநாள் வெல்டர் வரதன் பொறுமை இழந்து கைபேசியை நீட்டினான். தேசிய அணிக்குக் கோச் தேவை என்ற விளம்பரம்.

"எங்கள பேஜார் பண்ணிக்கினு இருக்காதண்ணே. மனு போடு, போ."

பெட்டி முழுக்கச் சிரிப்பு. பாக்கியநாதன் மட்டும் விளம்பரத்தை இரண்டு தடவை படித்தார்.

மாலையில் கல்லூரியிலிருந்து வந்த மகள் ஜெனிபரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார்.

"ஆளுங்களக் கையாண்ட அனுபவம் கேக்குறாங்கப்பா."

"இருபது டன் வரைக்கும் தூக்கியிருக்கேன்னு போடு."

போட்டாள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஜெனரல் ஷிப்டுதான் வேணும். நைட்டு முடியாதுன்னு எழுது."

அதையும் முகம் மாறாமல் எழுதினாள். மனைவி செண்பகம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "டெல்லிக்குப் போய்ட்டா ஊட்ல தண்ணி கேன் யாரு தூக்குவா?" என்றாள்.

பத்தாவது நிமிடம் பதில் வந்தது: 'தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. நன்றி.' இயந்திரம் தானாக அனுப்பியதுதான். ஆனால் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் ஆலை முழுக்க, பாக்கியநாதனை டெல்லியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பரவிவிட்டது. அவர் மறுக்கவில்லை. மேலாளர் துளசிராமன் அவரைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்.

"மே தின மேட்ச்சுக்கு நீங்கதான் கோச். தேர்வாய் கண்டிகை ஆலை டீம்கிட்ட மூணு வருஷமா ஒரு கோல்கூடப் போடல நாம."

பாக்கியநாதன் புது விசில் ஒன்று வாங்கிக்கொண்டார். மேட்ச் அன்று மைதான ஓரத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றார். அங்கிருந்து கத்தினால் கேட்காது. அதனால் கிரேனுக்குக் காட்டும் கை சைகைகளையே காட்டினார். ஆலையில் எல்லோருக்கும் அவை அத்துப்படி. முன்னே போ, பின்னே வா, மெதுவாக இறக்கு.

பந்தைப் பார்க்க வேண்டியவர்கள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததில் மூன்று கோல் போயிற்று. பிறகு ஒரு நல்ல நேரம் வந்தது. வரதன் பந்தை உருட்டிக்கொண்டு எதிரணிக் கோலுக்கு அருகில் போய்விட்டான். பாக்கியநாதன் பரவசத்தில் இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார்.

ஆலையில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: ஆபத்து, அப்படியே நிறுத்து.

பதினோரு பேரும் சிலையாக நின்றார்கள். வரதன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். தேர்வாய் கண்டிகை ஆள் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு, நின்றவர்களை ஒவ்வொருவராகச் சுற்றிப் போய், கோல்கீப்பர் ரகுவையும் தாண்டி உள்ளே தட்டினான்.

இடைவேளையில் பாக்கியநாதன் இறங்கி வந்தார். காது சிவந்திருந்தது.

"இன்னாடா, நின்னுட்டீங்க?"

"கையத் தூக்குனா நிக்கணும்னு சேப்டி கிளாஸ்ல நீதானேண்ணே சொன்ன!" என்றான் ரகு.

வரதன் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். "நீ எங்களப் பாக்குற. நாங்க உன்னப் பாக்குறோம். பந்த யாருண்ணே பாக்குறது?"

இரண்டாம் பாதி முழுக்க, மேட்ச் பார்க்க வந்திருந்த மகள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கோச்சிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்றதும் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கத்த ஆரம்பித்தார்கள். சிறிது நேரத்தில் வரதன் ஒரு கோல் போட்டான். பாக்கியநாதனின் கைகள் தானாக எழும்பின. ஜெனிபர் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து அமுக்கினாள். கடைசி நிமிடத்தில் இன்னொரு கோல். நாலுக்கு இரண்டில் தோல்வி.

மறுநாள் ரயிலில் அவர் வாயே திறக்க மாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"செகண்ட் ஆப்ப மட்டும் கணக்குல எடு. நாமதான் ஜெயிச்சோம்," என்றார் பாக்கியநாதன்.

"அதுல நீ இன்னாண்ணே பண்ண?" என்றான் வரதன்.

"ஒன்னும் பண்ணல. சும்மா குந்திகினு இருக்கிறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?"

அன்றே டெல்லிக்கு இன்னொரு கடிதம் போனது. தன் விண்ணப்பத்தை வாபஸ் வாங்குவதாகவும், யாரை எடுத்தாலும் வாயையும் கையையும் அடக்கத் தெரிந்த ஆளாகப் பார்த்து எடுக்கும்படியும் ஜெனிபரிடம் எழுதச் சொல்லியிருந்தார். இந்த முறையும் பத்தாவது நிமிடம் பதில் வந்தது: தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. நன்றி.

ஆலை அணிக்கு அடுத்த வருடமும் அவர்தான் கோச். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.