ஏறாத முள்

வேலை முடிந்து வரும் வழியில் காரின் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. உடனே எனக்கு மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

சின்ன வயதில் எங்கள் வில்லாபுரம் வீட்டு வாசலெல்லாம் அந்த வாடைதான். அப்பா பழைய கார் இன்ஜினைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, தானே பூட்டினார். ஓடவிட்டால், ஆயில் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் ஏறவில்லை. வேப்பங்கிளையில் சங்கிலி போட்டு இன்ஜினை மறுபடி இறக்கி, பம்பையும் பேரிங்கையும் மாற்றினார். அப்போதும் ஏறவில்லை. கடைசியில் சித்தப்பா வேறு மீட்டர் மாட்டிப் பார்த்தார்.

"அண்ணே, முள்ளு ஏறுது. இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, பழைய மீட்டருதான் போச்சு."

வண்டிக்கு அடியில் படுத்திருந்த அப்பா வெளியே வரவில்லை.

"சோறு ஆறுது, வாங்க" என்றார் அம்மா.

"அம்புட்டும் வீண் வேலை. செத்த நேரம் இப்படியே கெடக்கேன்."

நான் காரை ஓரங்கட்டி அணைத்தேன். பானெட்டைத் திறக்கவில்லை. இருக்கையைச் சாய்த்து, செத்த நேரம் அப்படியே கிடந்தேன்.