இரண்டு தரம் அடித்து வைப்பது

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஹரோவில் எங்கள் வீட்டு மாடியில் இருந்த சின்ன அறையில் ஒரு கம்ப்யூட்டரை டெலிபோன் லைனில் பூட்டி, நானே எழுதிய அரட்டை சேர்வர் ஒன்றை ஓடவிட்டிருந்தேன். சேர்வர் என்றால் பெரிய கதை ஒன்றுமில்லை. உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற சொந்தக்காரரும் வந்து கூடிக் கதைக்கிற ஒரு புரோகிராம், அவ்வளவுதான். வேலையிடத்தில் நான் எழுதியவை எல்லாம் கேட்டால் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறவை. இது அப்படியல்ல. இணைப்பு திறந்தபடியே கிடக்கும். இரண்டு பக்கமும் நினைத்த நேரத்தில் எழுதலாம், எழுதியது உடனே மற்றப் பக்கம் போய்ச் சேரும். எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், அவ்வளவு சந்தோஷம்.

தலையிடி தந்தது ஒன்றுதான். மற்றப் பக்கத்தில் ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று கண்டுபிடிப்பது. அந்தக் காலத்து டெலிபோன் லைனில் இணைப்பு வரும், அறும், திரும்பவும் வரும். ஒவ்வொன்றுக்கும் இன்னார் வந்தார், இன்னார் போனார் என்று அறிவித்துக்கொண்டிருந்தால் கதைக்கிறவர்களுக்கு விசர் பிடித்துவிடும். ஆகவே ஒரு விதி வைத்தேன். வந்தவர் தன் பெயரைத் தட்டினால்தான் ஆள். பெயர் சொல்லாமல் அறுந்தால் அது லைன் கோளாறு. சேர்வர் ஒருவருக்கும் மூச்சு விடாமல் அந்த இணைப்பைத் துடைத்துவிடும். என்னுடைய கறுப்புத் திரையில் மட்டும் ஒரு வரி ஓடும்.

மனைவிக்கு இந்தப் பெட்டியைக் கண்ணில் காட்டக்கூடாது. வீட்டில் இருந்தது ஒரே லைன், சேர்வர் ஓடினால் டெலிபோன் எங்கேஜ். அவளுடைய குடும்பமோ டெலிபோனில்தான் சீவித்தது. அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிரயாணம் போய்ச் சேர்ந்தால், பிள்ளை பரீட்சை பாஸானால், காய்ச்சல் விட்டால், இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார்கள். எல்லாம் சுகம் என்று அர்த்தம். நாங்கள் எடுக்கக்கூடாது, எடுத்தால் காசு. மூன்றாவது மணியும் அடித்தால் ஓடிப்போய் எடுக்கவேண்டும். சொல்வதற்கு ஏதோ இருக்கிறது, அது பெரும்பாலும் நல்லதாக இராது. சுத்தக் கஞ்சத்தனம் என்று வாய்விட்டுச் சொல்லி நான் வாங்கிக் கட்டியதும் உண்டு.

ரொறன்ரோவில் இருந்த அவளுடைய தங்கையின் கணவருக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் என்று நாள் குறித்தார்கள். என் சகலனுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகள் இரண்டும் சின்னன். டொக்டர்மார் பாதி நம்பிக்கைதான் கொடுத்திருந்தார்கள். தங்கை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் என் புரோகிராம் இருந்தது. ஆகவே அன்றைக்கு லைனைச் சேர்வருக்கே விடுவோம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவள் விபரமாக எழுதுவாள் என்று அடித்துச் சொன்னேன். மனைவிக்கு மனமில்லை. ஆனாலும் அன்றைக்கு என்னோடு சண்டை பிடிக்க அவளிடம் தெம்பு இருக்கவில்லை.

லீவு போட்டுவிட்டு மத்தியானம் தொடக்கம் திரைக்கு முன்னால் இருந்தேன். மனைவி அடுப்பு மூட்டவில்லை. சாமிப் படத்துக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு மேலும் கீழும் நடந்தாள். ஒப்பரேஷன் முடிந்திருக்கவேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது, தங்கையிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை.

பொழுது படுகிற நேரம் மனைவி அறை வாசலில் வந்து நின்று, ஏதாவது வந்ததா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, லைன்தான் சரியில்லை, பெயரில்லாத இணைப்பு வருகுது, வந்த உடனே அறுகுது என்றேன்.

"எத்தினை தரம்?"

"ரெண்டு தரம். ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. பிறகு ஒண்டுமில்லை."

அவளுடைய முகம் மாறிவிட்டது. கம்ப்யூட்டர் வயரைக் கழற்றிவிட்டு அந்த லைனில் டெலிபோனைப் பூட்டச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கழற்றினால் தங்கை எழுதுவது எந்த வழியால் வரும் என்று கத்தினேன்.

"அவள் எழுதமாட்டாள். எழுதினால்தான் நாங்கள் பயப்படவேணும்," என்றாள் மனைவி. "டெலிபோன் எங்கேஜ் எண்டு கண்டு, உங்கட பெட்டியில மணி அடிச்சுப் பாத்திருக்கிறாள். கழட்டுங்கோ."

நான் நம்பவில்லை. அந்த லைன் ஒரு நாளில் இரண்டு தரமும் அறும், இருபது தரமும் அறும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கழற்றினேன். கீழே டெலிபோனுக்குப் பக்கத்தில் மாடிப்படியில் இரண்டு பேரும் இருந்தோம். தங்கை இன்னும் எங்களுக்கு அடித்துப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாளா என்றும் தெரியாது.

இருட்டத் தொடங்கியபோது டெலிபோன் அடித்தது. என் கை தன் பாட்டில் நீண்டது. மனைவி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"எடுக்காதேங்கோ."

இரண்டாவது மணி அடித்தது. அவளுடைய நகம் என் தோலில் ஏறியது. மூன்றாவது அடித்துவிடக்கூடாதே என்று, கோயில் பக்கமே போகாத நான் வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை.

மனைவி சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்கச்சி களைச்சுப் போயிருப்பாள், நாளைக்குக் கதைப்பம் என்று சொல்லிவிட்டு அரிசி கழுவப் போனாள். நான் மேலே போய், புரோகிராமில் பெயர் சொல்லாதவர்களைத் துடைக்கிற அந்த வரிகளை அழித்துவிட்டு, யார் வந்தாலும் முதலில் ஒரு மணி அடிக்கும்படி எழுதினேன்.