ஜிப்பாவுக்குள் ஒரு மகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மார்கழிக் குளிர் பல்லைக் கிட்ட வைத்த ஒரு காலையில், ஆம்பூரில் நடந்தது இது. அப்போது நான் வேலூரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம்தான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து பெட்டியைக் கீழே வைப்பதற்குள் எதிர் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. தெருவே என்னை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. அதுவரை நான் பக்கத்தில் இருந்து பார்த்த பிரசவம் எங்கள் வீட்டுப் பூனையுடையது மட்டும்தான்.

எதிர் வீட்டுக்காரி என் சின்ன வயதுத் தோஸ்த். தோல் பதனிடும் ஷாப் முதலாளி ஒருவரைக் கட்டிக்கொண்டவள். அன்று விடியும்போது, எட்டாம் மாதத்திலேயே, அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அவ்வளவுதான். மருத்துவச்சி தொப்புள்கொடியை அறுத்துவிட்டு, இனி ஆண்டவன் விட்ட வழி என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. பாதம் இரண்டும் கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தன. தாயோ குளிர்காய்ச்சலில் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். வேலூருக்குக் கொண்டுபோகலாம் என்றால், அந்தக் காற்றில் ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும்.

எனக்கு முன்பே அவள் புருஷன் வைத்தியத்தில் இறங்கியிருந்தார். முதலில் கரியடுப்பு வைத்தாராம். புகையில் குழந்தை மூச்சுத் திணறியதாம். உடனே மனிதருக்குத் தன் தொழில் நினைவுக்கு வந்துவிட்டது. தோல் ஊறவைக்கிற குழிக்குப் போடும் கல் சுண்ணாம்பை ஒரு பானையில் கொட்டி, அறைவாசல் திரைக்கு வெளியே இருந்தபடியே தூளிக்குக் கீழே தள்ளி, தண்ணீர் ஊற்றிவிட்டார். சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் சூடு வரும்தானே!

"இன்னா டாக்டரம்மா, புகை கம்மி, சூடு ஜாஸ்தி. எப்டி நம்ம வேலை?" என்று திரைக்கு வெளியே இருந்து பெருமையாகக் கேட்டார்.

பானை சும்மாதான் இருந்தது. போதவில்லை என்று கையை மட்டும் திரைக்குள் நீட்டி இன்னொரு சொம்பு ஊற்றினார். அவ்வளவுதான், புஸ்ஸென்று சீறிக் கொதிக்க ஆரம்பித்தது. நான் பாய்ந்து குழந்தையைத் தூக்கவும் பானை வெடிக்கவும் சரியாக இருந்தது. தூளித் துணியெல்லாம் வெந்த சுண்ணாம்பு. ஆவி போகக் கதவைத் திறந்ததில், இருந்த கொஞ்ச வெப்பமும் ஓடிப்போய்விட்டது. குழந்தையின் உதடு நீலம் பாய ஆரம்பித்தது.

அந்த நிமிஷத்தில்தான், நான் கடைசி பெஞ்சில் முறுக்கு தின்றுகொண்டே கேட்ட ஒரு கெமிஸ்ட்ரி பாடம் மண்டைக்குள் வந்து நின்றது. எங்கள் ஆசிரியை ஒரு கரண்டி சர்க்கரையைத் தீயில் காட்டினார். உருகி, கருகி, குப்பென்று பற்றிக்கொண்டது. இதே சர்க்கரைதான் உங்கள் உடம்பிலும் எரிகிறது, மொத்தத்தில் வருகிற வெப்பமும் அதேதான், ஆனால் தீ எங்கே என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களுக்குள் அது படிப்படியாக, கொஞ்சம் கொஞ்சமாக எரிகிறது. அதனால்தான் நாம் வெந்தும் போவதில்லை, ஆறியும் போவதில்லை என்றார். சுண்ணாம்பின் சூடு ஒரே மூச்சில் வந்து தீர்ந்துபோகிற சூடு. இந்தக் குழந்தைக்கு வேண்டியது ஏறாமல் இறங்காமல் வந்துகொண்டே இருக்கிற சூடு. அது உயிருள்ள உடம்பைத் தவிர வேறு எங்கே கிடைக்கும்?

தாயின் உடம்பே நடுங்குகிறது. நானோ கொத்தவரங்காய் வற்றல். வீட்டில் தாராளமாக உடம்பு இருந்தது அவர் ஒருவருக்குத்தான்.

"பாய், கையை நல்லா கழுவிட்டு உள்ள வாங்க. ஜிப்பாவக் கழட்டுங்க" என்றேன்.

மனிதர் அப்படியே விறைத்துப்போனார். பிள்ளை பெற்ற அறைக்குள் ஆம்பிளை வருவதாவது! அதுவும் கல்யாணமாகாத பெண் ஒருத்தி சட்டையைக் கழற்றச் சொல்வதாவது!

படுத்த இடத்திலிருந்தே என் தோஸ்த் நடுக்கத்தோடு கத்தினாள். "டாக்டர் சொல்றால்ல, கழட்டுங்க! புள்ள போய்ட்டா வெக்கத்த வச்சிகினு இன்னா பண்ணுவீங்க?"

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் கட்டிலில் சாய்ந்து, குழந்தையை வெறும் மார்போடு அணைத்து, மேலே ஜிப்பாவையும் கம்பளியையும் போர்த்திக்கொண்டார். உள்ளே எரிய விறகு வேண்டாமா? தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக நான் ஊட்டினேன். அசையக் கூடாது என்றேன். மூச்சுவிடவே பயந்துகொண்டு கிடந்தார். மெட்ராஸிலிருந்து தோல் தரகர் வந்து ஜன்னலுக்கு வெளியே கூப்பிட்டபோது, "இன்னிக்கி ஷாப் லீவு. நான் அடைகாத்துகினு கீறேன், நாளைக்கி வா" என்று கிசுகிசுத்து அனுப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் போகவில்லை. குழந்தையின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

வெயில் ஏறிய பிறகு திடீரென்று அவர் அலறினார். "டாக்டரம்மா! பாப்பா மூத்திரம் போய்டுச்சி! சூடா கீது, சூடா கீது!"

கூடவே உள்ளேயிருந்து பூனைக்குட்டி மாதிரி ஓர் அழுகை. பாதத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர், நனைந்த மார்பைத் துடைக்கவும் மனமில்லாமல், ஓவென்று அழுதார். நானும் அழுதேன். தோஸ்த் மட்டும் காய்ச்சலோடு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

காய்ச்சல் விட்டதும் அவளும் முறை வைத்துக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிள்ளை தேறிவிட்டது. "எட்டு மாசம் அவ சொமந்தா, மீதிய நான் சொமந்தேன்" என்று பாய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பிரசவம் பார்த்துவிட்டேன். குளிர்ந்துபோன பிள்ளை கைக்கு வந்து, தாய்க்கும் முடியவில்லை என்றால், வாசலில் நிற்கிற அப்பனைத்தான் உடனே உள்ளே கூப்பிடுவேன். கூச்சப்பட்டு நின்றவனின் சட்டைப் பித்தானை நானே கழற்றியும் இருக்கிறேன், ஏனென்றால் தன் உடம்புச் சூட்டில் தன் பிள்ளை பிழைப்பதைப் பார்த்த ஒரு மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று நான் அன்றைக்கே பார்த்துவிட்டேன்.