மாற்றல் மனுவில் ஒரு வரி

எழுபதுகளின் நடுவில், அருப்புக்கோட்டை தாலுகா ஆபீஸுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கும் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் கால் உடைந்து நூல் கட்டியிருப்பார். ஆங்கிலத்தில் அடித்ததைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் எவரிடமும் கையெழுத்து வாங்கமாட்டார்.

நான் சென்னையில் சட்டம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். மதுரை சட்டக் கல்லூரிக்கு மாற்றல் கிடைத்தால் படி, இல்லாவிட்டால் திருச்சுழியில் வீட்டோடு இருந்துகொள் என்று அப்பா சொல்லிவிட்டார். விடுமுறைக்கு நான் ஊர் வந்திருந்தபோது மனு அடிக்க இருவரும் போனோம்.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு போடுங்க," என்றேன்.

"அவுக குத்துக்கல்லாட்டம் நிக்கிறாக. டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்கு எங்க போவ? உள்ளதச் சொல்லு தாயி."

சொன்னேன். அடித்து முடித்ததும் அப்பாவைப் பார்த்து நிதானமாக வாசித்தார்: "மாற்றல் தராவிட்டால் என் தந்தை என் படிப்பை நிறுத்திவிடுவார்."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. "அப்படியேவா போடணும்?"

"நீங்க சொன்னதுதான அண்ணாச்சி?"

அப்பா தாளைக் காட்டி, "அந்த வரிய எடுத்துருங்க," என்றார்.

"எடுத்தா வேற காரணம் வேணுமே?"

"மக தூரமா இருக்கது எங்களுக்குப் பயமா இருக்குன்னு போடுங்க."

வேறு தாளில் அப்படியே அடித்துக் கொடுத்தார்.

மாற்றல் கிடைக்கவில்லை. பதில் வந்த வாரமே அப்பா விருதுநகர் வரை வந்து என்னைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டார். அந்த மனிதர் அன்று கல்லூரிக்குத்தான் மனு எழுதினாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.