கன்னியப்பனைக் கேட்காமல் எழுதிய அட்டை

போன வாரம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பேர் பதிகிற இடத்தில் இருந்த பெண் மெஷினிலிருந்து ஒரு தாளை உருவி, கையெழுத்துப் போடச் சொன்னாள். எழுத்து எதுவானாலும் படித்துவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. 'எனக்கு எல்லாம் புரியும்படி விளக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. நான் இன்னும் டாக்டரைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பாவம், எனக்குப் பின்னால் முப்பது பேர். நானும் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தேன்.

சூடாக வந்த அந்தத் தாளில் ஒரு வாசனை இருந்தது. அது நான் முன்பு வேலை பார்த்த கிளினிக்கின் நோயாளி அட்டைகளின் வாசனை இல்லை. எங்கள் அட்டையில் டிஞ்சரும், பேனா மையும், ஆளுக்கேற்றபடி மீனோ மல்லிகையோ கலந்திருக்கும். அதைச் சொல்லாவிட்டால் இன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது, கொஞ்சம் கேளுங்கள்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் அப்போது ஒரு சின்ன கிளினிக் இருந்தது. டாக்டரம்மா திருக்கழுக்குன்றத்து வாத்தியார் வீட்டுப் பெண். என்னைவிட நாலு வயது சின்னவர். நான் அதற்கு முன்பு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள் என்பதால் என்னை நானே முக்கால் டாக்டராக நினைத்துக்கொண்டிருந்தேன். மீதிக் கால் பங்கு படிப்புதானே, அது கிடக்கட்டும் என்று ஒரு தைரியம்.

கிளினிக்கில் என் வேலை இரண்டு. உள்ளே போகுமுன் வந்தவர் என்ன சொல்கிறாரோ அதை அவர் வாயில் வந்தபடியே அட்டையில் எழுத வேண்டும். திருத்தக் கூடாது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன் விற்கிற அம்மாள் ஒருவர் வருவார். "நெஞ்சுக்குள்ள நண்டு ஊர்ந்துகினு கீது" என்பார். நான் நாகரிகமாக 'படபடப்பு' என்று எழுதினால் டாக்டரம்மா அட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். நண்டு என்றால் நண்டுதான். பொத்தேரி ஹாஸ்டல் பையன்கள் போனில் பார்த்துத் தங்கள் வியாதிக்குப் பெயரும் வைத்துக்கொண்டு வருவார்கள். அதையும் அப்படியே எழுதுவேன், டாக்டரம்மாவும் சிரிக்காமல் படிப்பார். அவர் பேனாவைத் தொடாமல் முதலில் இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குத் தினமும் ஆச்சரியமாக இருக்கும். எங்கள் ஊரில் டாக்டர் என்றால் நாக்கை நீட்டு என்பார், மாத்திரை எழுதுவார், அடுத்த ஆள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது வேலை இன்னும் விசித்திரம். பார்த்துவிட்டு வெளியே வந்தவரை என் எதிரில் உட்காரவைத்து, "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க, நீங்களே சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். எந்த மாத்திரையை எப்போது, எதைச் சாப்பிட்ட பிறகு விழுங்குவார் என்று அவர் சொல்வதை அட்டையின் பின்பக்கம் எழுத வேண்டும். மூன்று மாத்திரைக்கு மூன்று கதை சொல்வார்கள். காலையில் கழனிக்குப் போகும் கதை, மருமகள் எழும் நேரத்தின் கதை. தப்பாகச் சொன்னால் நான் மறுபடி உள்ளே அழைத்துப் போவேன். ஆரம்பத்தில் இது வேண்டாத வேலையாகப் பட்டது. சீட்டில்தான் எழுதியிருக்கிறதே என்று மனசுக்குள் முணுமுணுப்பேன்.

கன்னியப்பன் வேடந்தாங்கல் பக்கத்து ஆள். விவசாயக் குடும்பம். கழனி போதாமல் ஸ்டேரிங் பிடித்தவர். மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றின் ஆட்களை விடிகாலையில் ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி பஸ் அவருடையது. அவருடையது என்றா சொன்னேன், கம்பெனியுடையது. ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் சொந்தப் பிள்ளை என்றுதான் தோன்றும். சர்க்கரை ஏறியிருந்ததால் டாக்டரம்மா ஒருநாள் புதிதாக இன்னொரு மாத்திரை சேர்த்தார்.

அன்றைக்குக் காய்ச்சல் கூட்டம். வாசல்வரை ஆள். கன்னியப்பன் வெளியே வந்தவர் உட்காரவில்லை. "வண்டி ரோட்ல நிக்குதும்மா. காலீல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அதானே. நீயே எழுதிக்க" என்றார். நானும் எழுதிக்கொண்டேன். சீட்டைப் பார்த்து, முத்து முத்தான என் கையெழுத்தில், 'காலை டிபன் சாப்பிட்டதும் ஒன்று' என்று. அவர் சொன்னது என்கிற கட்டத்தில் என் வார்த்தை. அட்டை பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

அப்போது புரட்டாசி பிறந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். கன்னியப்பன் காக்கிச் சட்டையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது. கூட இரண்டு தொழிலாளிகள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் உச்சிவேளைப் படையல் முடியும்வரை பச்சைத் தண்ணீர்தான். மகளுக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைத்த வருஷத்திலிருந்து அப்படி வேண்டுதல். விரதத்தை விடவில்லை, டாக்டரம்மா பேச்சையும் தட்டவில்லை. மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, கண் மறைத்து, வேர்த்துக் கொட்டியிருக்கிறது. எப்படியோ ஓரம் கட்டிவிட்டார். உள்ளே நாற்பது பேர். யாரோ டீக்கடையிலிருந்து சர்க்கரை அள்ளி வந்து வாயில் போட்டிருக்கிறார்கள்.

விரதம் கெட்டுப்போச்சே என்பதில்தான் அவருக்கு முதல் வருத்தம். அடுத்தது வண்டி. ரத்தம் எடுத்துப் பார்த்து ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு டாக்டரம்மாவின் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். "கம்பெனிக்குத் தெரிஞ்சா வண்டிய புடுங்கிடுவாங்க டாக்டரம்மா. ஓட்டாதன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எனக்கு வேற தொழில் தெரியாது."

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் என் முத்துக்கள். மறைக்க நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் என்ன வெட்கம். ஆனால் அந்த மனிதரின் நனைந்த சட்டையைப் பார்த்தபடி வாய் தானாகத் திறந்துகொண்டது. இது அவர் சொன்னதில்லை, நான் கேட்கவே இல்லை, நானாக எழுதினேன் என்றேன்.

திட்டு விழும் என்று குனிந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கன்னியப்பனைப் பார்த்துச் சொன்னார். "இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. எங்க வீட்லயே புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடறோம். அப்பவும் விரதம் உண்டான்னு உங்களை நான் கேக்கல. இவங்களும் கேக்கல. தப்பு எங்களுது."

ஒரு டாக்டர் நோயாளியிடம் தப்பு எங்களுடையது என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை. கன்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் அது புதுசு.

அதன் பிறகு டாக்டரம்மா எதையும் பூசி மெழுகவில்லை. மாத்திரையை மாற்றலாம், ஆனால் உடம்பு நிதானத்துக்கு வரும்வரை ஸ்டேரிங்கைத் தொடக் கூடாது, பின்னால் நாற்பது வீடு இருக்கிறது என்றார். பிறகு, "நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவைத்தார். வெளியே கூட்டம் இருமிக்கொண்டிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று இருந்தது.

கடைசியில் கன்னியப்பனே சொன்னார். "வெரதத்த விடமாட்டேன். சனிக்கிழம வண்டிய உட்டுடறேன். ஞாயித்துக்கிழம டூட்டி பாத்துக்கறேன். கம்பெனில நானே போய்ச் சொல்றேன், நீங்க லெட்டர் மட்டும் குடுங்க."

அவர் மறைக்கச் சொல்லித்தான் வந்திருந்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் அந்த இடத்துக்கு அவரே வந்து சேர்ந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. டாக்டரம்மா லெட்டர் எழுதினார். விரத நாளில் மாத்திரை படையல் சாப்பாட்டோடுதான் என்றார். அதைக் கன்னியப்பன் திருப்பிச் சொல்ல, நான் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதினேன். 'சாமிக்குப் போட்டப்புறம் எனக்கு, எனக்குப் போட்டப்புறம் மாத்திரைக்கு' என்று இருந்தது.

கம்பெனியிலிருந்து பதில் வரப் பத்து நாளானது. அந்தப் பத்து நாளும் கன்னியப்பன் வீட்டிலிருந்தார், நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஸ்டேரிங்கில் அவர்தான். நான் அழுதுவிட்டேன், ஊசிக்காக வரிசையில் நின்ற ஒரு குழந்தை என்னைப் பார்த்துத் தானும் அழ ஆரம்பித்தது.

அன்றிலிருந்து அட்டையில் ஒரு வரி கூடியது. விரதம், நோன்பு, வேண்டுதல் ஏதாவது உண்டா என்று. ஆடிக் கூழும் ரம்ஜானும் சபரிமலை மாலையும் அந்த வரியில் வந்து குந்தின. தேவனேரியிலிருந்து வந்த ஒருவர் கடலுக்குப் போகிற நாளில் மாத்திரை போடுவதில்லை என்று சொன்னதும் அந்த வரியால்தான். எத்தனை வருஷமாகப் போடவில்லை என்று கேட்டால், யாரும் கேக்கலியே என்றார்.

பிறகு ரோடு அகலமானது. கிளினிக் இருந்த கட்டடம் பாதி போயிற்று. அடுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோதே கணவருக்கு மாற்றல் வந்து டாக்டரம்மா ஊரைவிட்டுப் போனார். கடைசி வாரம் நோய் இல்லாதவர்களும் வந்தார்கள். அவரவர் அட்டையை அவரவரிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

கன்னியப்பன் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே மாத்திரைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார், நேரத்தோடு, சாப்பாட்டோடு. எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கேட்டார். "இனிமே இத நா யார்கிட்டம்மா சொல்றது?"

வீட்டில் சொல்லுங்கள் அண்ணே என்றேன், சும்மா பேச்சுக்கு.

"வூட்ல அவங்க எனக்குச் சொல்லுவாங்க. டாக்டருங்களும் சொல்லுவாங்க. நா சொல்றத யாரு கேப்பா?"

அட்டையை அவர் கையில் கொடுத்தேன்.